கசப்புக்கு வயது பதினான்கு மாதம்

அத்தியாயம் 6

தேவகிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்கு கூர்மையாகிவிடும்.

இருபத்திரண்டு வருடம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாராயத்தையும் பீரையும் மோந்து பார்த்து, நல்லது எது, கெட்டது எது, கலப்படம் எது என்று எழுதிக் கொடுத்த மூக்கு அது. ஒருநாள் மேலதிகாரி பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்டார். தேவகி ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு காஞ்சிபுரத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு மேஜையுமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். இரண்டாவது நாற்காலி ஆல்பர்ட்டுக்கு.

ஆல்பர்ட் பதினெட்டு வருடம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை மூன்று சீட்டு தள்ளி நின்றே கண்டுபிடிப்பான். வாயை மட்டும் அவனால் மூடி வைக்க முடியாது.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது ஆல்பர்ட்டின் தோளில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. தேவகியின் கைப்பையில் இரண்டு பக்க வக்கீல் நோட்டீஸ் இருந்தது. அவள் மூக்கு கூர்மையானதற்கு அந்த இரண்டாம் பக்கம்தான் காரணம்.

விஷயம் இதுதான். உத்திரமேரூர் அரிசி மில் முதலாளி வேதகிரி, மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் சின்னதாக ஒரு பீர் ஆலை ஆரம்பித்தார். கிராஃப்ட் பீர். கொஞ்சமாக, பார்த்துப் பார்த்துக் காய்ச்சுவது. அங்கே ஒரு வருடத்துக்கு முன்னால் சுகிர்தா வேலைக்குச் சேர்ந்தாள். இதே ஊர்ப் பெண், உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஒன்பது மாதம் வேலை பார்த்துவிட்டு விலகிப் போய், பெங்களூரில் வாடகைக்குக் கொதிகலன் எடுத்து சொந்தமாக ஒரு பீர் காய்ச்சினாள். போன மாதம் அங்கே நடந்த போட்டியில் அதற்குத் தங்க மெடல் கிடைத்தது. மெடல் கிடைத்த வாரமே ஒரு பெரிய ஆலை அவளைத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிட்டது.

பத்து நாளைக்கு முன்னால் வேதகிரியின் நோட்டீஸ் வந்தது. அந்த பீரின் செய்முறை தன்னுடையது, சுகிர்தா வேலைக்குச் சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே தான் அதைக் காய்ச்சியாகிவிட்டது, அதற்கு சாட்சியாகத் தன்னிடம் திறக்காத ஒரு பாட்டில் இருக்கிறது, அவள் திருடி. பெங்களூர் ஆலைக்கும் ஒரு நகல் போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இதைத் தீர்த்துக்கொள், இல்லையென்றால் வேலை இல்லை என்று அவர்கள் சுகிர்தாவுக்கு எழுதிவிட்டார்கள்.

இதில் தேவகியைத் துணைக்குக் கூப்பிட்டது வேதகிரிதான். ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் ருசி பார்த்து எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தேவகி ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தாள். முடிவு எதுவானாலும் இரு தரப்புக்கும் நகல் தரப்படும்.

இரண்டாம் பக்கத்து வாசகத்தை ஆல்பர்ட்டுக்கு அவள் பஸ்ஸிலேயே படித்துக் காட்டியிருந்தாள். 'மேற்படி சுகிர்தா எமது கட்சிக்காரரின் அரிசி மில்லில் மூட்டை சுமக்கும் ஐசக் என்பவரின் மகள். இத்தகைய பானத்தை உருவாக்கும் நாக்கும் நுண்ணறிவும் அவருடைய குடும்பச் சூழலில் வாய்த்திருக்க வழியில்லை.'

தேவகியின் அப்பா திருமுக்கூடலில் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். நுண்ணறிவு என்ற வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றது.

"மேடம், கட்சிக்காரர் வூட்லயே காபி குட்ச்சிட்டு அவரையே கவுக்கணும்னா, காபிய மொதல்ல குட்ச்சிடணும்" என்றான் ஆல்பர்ட்.

"யாரைக் கவுக்கணும்னு பாட்டில் சொல்லட்டும்" என்றாள் தேவகி.

ஏரிக்குப் போகும் சாலையில் இருந்தது மில். புழுங்கல் நெல் வேகிற வாசனை வாசல்வரை வந்து நின்றது. அலுவலக அறையில் ஒரு பெரிய மேஜை, அதன் பின்னால் சுழல் நாற்காலியில் வேதகிரி. நாற்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கதவோரம், வந்தவர்கள் கண்ணில் படாமல் நிற்கத் தெரிந்த ஒருவராக, ஐசக் நின்றிருந்தார். அவருக்கு அறுபது இருக்கும். வேதகிரி அவரை டேய் என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தேவகி எழுந்து போய் அந்தத் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நன்றி அண்ணே என்றாள். அந்த அறையில் யாரும் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. தம்ளரை விடவே அவருக்கு ஒரு நொடி ஆனது.

வேதகிரி பாட்டிலை மேஜை மேல் வைத்தார். பழுப்புக் கண்ணாடி. மஞ்சள் பூத்த லேபிளில் போன வருட ஜூன் மாதத் தேதி. பாட்டில் முழுக்கத் தவிட்டுத் தூசி.

"பதினாலு மாசமா தூசி வுழுந்துகீது. ஆனா மூடி மட்டும் பளபளன்னு கீது" என்று ஆல்பர்ட் தேவகியின் காதில் முணுமுணுத்தான். "மூஞ்சி கழுவி பவுடர் பூசி கூட்டியாந்துட்டாரு மேடம்."

தேவகி அவனை அடக்கிவிட்டு, வேதகிரியிடம் மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள். நாளைக்குக் கோர்ட் என்று வந்தால் பாட்டிலை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும். இத்தனை நாள் அது எங்கே இருந்தது?

வேதகிரி அதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். பின்னால் இருக்கிற குடோனில் இரும்பு அலமாரி, சாவி தன் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை, வைத்த நாளிலிருந்து முந்தாநாள்வரை ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை என்றார். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்களா என்று தேவகி கேட்டதற்குச் சிரித்தார். ஃப்ரிட்ஜ் என்றால் பத்துப் பேர் திறப்பார்கள், அலமாரிதான் பத்திரம்.

தேவகி எழுந்துபோய் குடோனைப் பார்த்தாள். தகரக் கூரை. காலை பதினொரு மணிக்கே உள்ளே அடுப்படிபோல் இருந்தது. திரும்பி வந்து அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதினாள். வேதகிரி அதைப் படித்துப் பார்த்து, நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

சுகிர்தா அப்போதுதான் வந்தாள். இருபத்தாறு வயது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய முடி, துணிப்பையில் ஒரு பாட்டில். மெடல் வாங்கிய அதே பீரில் அவளிடம் மீந்தது, பாட்டிலில் அடைத்து ஒன்றரை மாதம் ஆனது. போட்டிக்குப் போன பாட்டில்களில் லேபிள் ஒட்டக் கூடாது என்பதால் வெறும் பழுப்புக் கண்ணாடியாக இருந்தது. வேதகிரி அவளை அங்கேயே நில்லு என்றார். தேவகி தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

"பரவால்ல மேடம், நிக்கறேன்" என்றாள் சுகிர்தா. "ஒக்காந்தா அப்பால இவரு நாற்காலியும் திருடிட்டேன்னு நோட்டீஸ் அனுப்புவாரு."

இரண்டு பாட்டிலும் ஒரே குளிருக்கு வர வேண்டும் என்பதால் ஆல்பர்ட் இரண்டையும் ஐஸ் பெட்டியில் அமுக்கி வைத்தான். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை வேதகிரி வீணாக்கவில்லை. டைப் அடித்த ஒரு தாளை சுகிர்தாவின் முன்னால் தள்ளினார். செய்முறை வேதகிரியுடையது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம், பெங்களூருக்கும் சொல்லிவிடுவாராம். தாளின் கடைசியில் மன்னிப்புக் கேட்கும் ஒரு வரியும் இருந்தது.

சுகிர்தா அதைத் தொடவில்லை. கதவோரத்திலிருந்து ஐசக் மெதுவாகச் சொன்னார்.

"போட்டுடும்மா. வேலையாச்சும் மிஞ்சும்."

சுகிர்தா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை மிச்சம் இல்லை. தேவகி கவனித்தது வேறு. அறையில் எல்லாரும் அடிக்கடி ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐசக் மட்டும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

மணி பன்னிரண்டேகாலுக்கு ஆல்பர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனான். முறை எளிதானது. ஒரே மாதிரி மூன்று கண்ணாடிக் கிளாஸ். இரண்டில் ஒரு பாட்டில், மூன்றாவதில் மற்றொரு பாட்டில். எது எதில் என்று ஊற்றியவனுக்கு மட்டும் தெரியும். வேறுபட்ட ஒன்றை ருசி பார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். மூடி திறக்கும் சத்தம் இரண்டுமுறை கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆல்பர்ட் வெளியே வந்தபோது வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டிருந்தான். கிளாஸ்களை வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

தேவகி முதல் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கொம்புத்தேன் நிறம், இலேசான கலங்கல். நுரை வெள்ளையாக எழும்பி, இறங்கும்போது கண்ணாடியில் கோலம்போல ஒட்டிக்கொண்டு இறங்கியது. பிறகு மூக்கை உள்ளே விட்டாள்.

பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுப்பது ஹாப்ஸ் என்கிற ஒரு பூ. குளிர்தேசத்துக் கொடியில் பூப்பது. கசப்பை யார் வேண்டுமானாலும் வரவைக்கலாம், அதிகமாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும். வாசனையை வரவைக்கத்தான் கை வேண்டும். இந்த கிளாஸில் அந்தக் கை தெரிந்தது. முதலில் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் தெறிக்கிற வாசனை. அது ஓய்வதற்குள் மாம்பூ. அதற்கும் அடியில், அப்போதுதான் அறுத்த புல்.

ஒரு வாய் குடித்தாள். நாக்கு நுனியில் வறுத்த ரவையின் இனிப்பு. அதைக் கசப்பு பின்னாலிருந்து வந்து நிதானமாக மூடியது. தொண்டையில் இறங்கியபிறகு எண்ணி ஐந்து நொடி நின்றது. பிறகு வாயைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போனது. இன்னொரு வாய் கேட்டது நாக்கு.

"ஒயினைத் துப்பிடுவாங்களாமே மேடம், பீர முழுங்கியே ஆகணுமா?" என்று ஆல்பர்ட் கேட்டான்.

"கசப்பு கடைசியிலதான் தெரியும். முழுங்கினவனுக்குத்தான் தீர்ப்பு சொல்லத் தகுதி."

"நல்ல சட்டம்" என்றான் அவன்.

தேவகி இரண்டாவதை எடுத்தாள், மூன்றாவதை எடுத்தாள், தண்ணீர் குடித்து நாக்கைக் கழுவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். குடிக்கக் குடிக்க அவளுக்குள் கோபம் ஏறிக்கொண்டே போனது. இருபத்திரண்டு வருடத்தில் இத்தனை ஒழுங்கான பீரை அவள் நாலைந்துமுறைதான் ருசித்திருக்கிறாள். இதைக் காய்ச்சியவளுக்குத்தான் நாக்கு வாய்க்க வழியில்லை என்று ஒருவன் வக்கீல் நோட்டீஸில் எழுதியிருக்கிறான்.

"மூணும் ஒண்ணுதான்" என்றாள் தேவகி. "என்னால பிரிக்க முடியல."

வேதகிரி மேஜையைத் தட்டினார். ஐசக் சுவரில் சாய்ந்துகொண்டார். தேவகி கிளாஸ்களை சுகிர்தாவிடம் நகர்த்தினாள். சுகிர்தா முதலாவதைக் குடித்தாள். இரண்டாவதைக் குடித்தாள். மூன்றாவதை வாயில் வைத்தவள், அப்படியே நின்றாள். அவள் புருவம் உயர்ந்தது. மேடம், இது, என்று ஆரம்பித்தவளின் காலைத் தேவகி மேஜைக்கு அடியில் செருப்பால் மிதித்தாள். சுகிர்தா விழுங்கிவிட்டு, மூன்றும் ஒன்று என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாக வேதகிரி. அவர் மோந்து பார்க்கவில்லை. மூன்றையும் தண்ணீர்போலக் குடித்தார். ஒரே ருசி, ஒரே வாசனை, எள்ளளவும் வித்தியாசம் இல்லை, இதைத்தானே நான் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். தேவகி அந்த வார்த்தைகளை அப்படியே எழுதினாள். வேதகிரி இரண்டாவது தாளிலும் நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

தேவகி பேனாவை மூடினாள்.

"வேதகிரி சார், ஹாப்ஸ் வாசனைக்கு ஆயுசு எவ்ளோ தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. பஸ் வாங்கிவிட்டவனுக்கெல்லாம் கியர் போடத் தெரியும் என்று சொல்ல முடியாது.

"ஃப்ரிட்ஜுல வச்சா மூணு மாசம். வெளியில வச்சா ஒரு மாசம், ஒண்ணரை மாசம். அதுக்கப்புறம் பம்ப்ளிமாஸ் போயிடும், மாம்பூ போயிடும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கத்திரி வெயிலைத் தாண்டின பீர் நனைஞ்ச அட்டை மாதிரி நாறும், நிறம் கறுத்துப்போகும். பதினாலு மாசத்துப் பாட்டிலுக்கும் ஒண்ணரை மாசத்துப் பாட்டிலுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லைன்னு இப்போ கையெழுத்துப் போட்டீங்க. ஒரே பீர்னு காட்டினா ஜெயிச்சிடலாம்னு நினைச்சீங்க. ஒரே பீரா இருக்கறதுதான் சார் உங்க பொய்."

வேதகிரியின் முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது. ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, மறந்துவிட்டேன் என்றார். தேவகி முதல் தாளைத் தூக்கிக் காட்டினாள். என்னிடம் வேலை பார்ப்பவள் எனக்கு எதிராக எழுதுவாயா, ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்று கத்தினார். ஒப்பந்தத்தில் தன் கையால் சேர்த்த வரியை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

ஆனால் அவர் அவ்வளவு சுலபத்தில் விழுகிற ஆள் இல்லை. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டார். குரல் தணிந்தது.

"சரி, தேதி தப்பு. லேபிளு மாறிப் போச்சு. இது போன மாசம் என் ஆலையில காய்ச்சினது. பழைய செய்முறை, புதுசா காய்ச்சினது. அதனால செய்முறை இவளோடதுன்னு ஆயிடுமா? இல்லைன்னு நீ நிரூபி."

தேவகி தாள்களைக் கீழே வைத்தாள். சுகிர்தா விலகியபிறகு அந்த ஆலையில் அந்த ருசி வரவே இல்லை என்பது தேவகிக்குத் தெரியும். ஆனால் அது கேள்விப்பட்டதுதான், கையில் எடுத்து வைக்க முடியாது. பாட்டிலில் இருப்பது யார் காய்ச்சியது என்று நாக்கு சொல்லாது. முதல்முறையாக அவள் கண் தடுமாறி ஆல்பர்ட்டின் பக்கம் போனது.

ஆல்பர்ட் தடுப்புக்குப் பின்னால் கையை விட்டு வேதகிரியின் பாட்டிலை எடுத்தான். ஐஸ் உருகிய தண்ணீர் அதிலிருந்து சொட்டியது. லேபிள் பாட்டிலில் இல்லை. ஆல்பர்ட்டின் இன்னொரு கையில், தோசைபோலத் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊத்தசொல்லவே கயண்டு வந்துடுச்சி மேடம். ஆலையில மெஷின்ல ஒட்னது கத்தியால சொரண்டினாலும் வராது. இது மைதா பசை. எலக்சன் போஸ்டருக்கு ஒட்டுவாங்களே, அது. நீங்க ருசி பாக்கறத கெடுக்க வேணாம்னு இதப் பத்தி மட்டும் வாய மூடிகினு நின்னேன். இருவது நிமிசம், என் வாழ்க்கையில மொத தபா."

பாட்டிலைத் திருப்பி மேஜை மேல் வைத்தான். லேபிள் இருந்த இடத்தில், கண்ணாடியில் எழுதுகிற வெள்ளை மையில், குண்டு குண்டான எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

நைனாவுக்கு.

சுகிர்தா அதைப் படித்தாள். அது அவளுடைய கையெழுத்து. மெடல் வாங்கிய கையோடு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் கொடுத்த பாட்டில் அது. அவர் குடிப்பவர் இல்லை. வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தாள். வீட்டில் டிரங்க் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று இந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலையைத் திருப்பவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நைனா, இது எப்படி இங்க வந்துச்சி?"

ஐசக் கதவைப் பிடித்துக்கொண்டார். வேதகிரி அவரை வெளியே போகச் சொல்லி உறுமினார். ஐசக் போகவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அந்த அறையின் நடுவுக்கு அவர் வந்தது அதுதான் முதல்தடவை.

"நான்தாம்மா குட்த்தேன்."

பிறகு அவர் சொன்னது முன்னும் பின்னுமாக வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் முதலாளி கூப்பிட்டு, உன் பொண்ணு என்னமோ செய்து மெடல் வாங்கியிருக்காமே, நானும் ருசி பார்க்கணும், நம்ம ஊர்ப் பெருமையாச்சே என்றாராம். மகளைப் பற்றி முதலாளி கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் ஐசக் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. அலமாரியில் இருந்து எடுத்ததாக முதலாளி காட்டிய பாட்டிலின் வடிவத்தைப் பார்த்ததுமே ஐசக்குக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அப்பன், மகள் இரண்டு பேரையும் திருட்டு கேஸில் உள்ளே தள்ளிவிடுவேன் என்று முதலாளி சொன்னார்.

"தொறந்து வேற பாட்டில்ல ஊத்தியிருக்கலாமே" என்று ஆல்பர்ட் வேதகிரியிடம் நிஜமான அக்கறையோடு கேட்டான். "ஓ, தொறந்தா நொர போயிடும். அதுமட்டும் தெரிஞ்சிகீது."

தேவகி எழுந்து நின்றாள். குரல் இப்போதும் உயரவில்லை. பெங்களூர் ஆலைக்கு உடனே, இங்கேயே, கைப்பட ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். நோட்டீஸ் பொய், பாட்டில் பொய், தேதி பொய் என்று. வேதகிரி வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். தாராளமாகக் கேளுங்கள், பொய் சாட்சிக்கு எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றாள் தேவகி. அவர் பேனாவை எடுத்தார்.

பாதி எழுதும்போது சுகிர்தா குறுக்கே வந்தாள். நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"இந்த வரியையும் வாபஸ் வாங்கறேன்னு எழுதுங்க. நாக்கு, நுண்ணறிவு, குடும்பச் சூழல், ஒரு எழுத்து வுடாம எழுதிட்டு, இது நான் எழுதுன அசிங்கம்னு அதுக்குக் கீழ எழுதுங்க."

அவர் எழுத மறுத்தார். சுகிர்தா நகரவே இல்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அவர் தலைக்கு மேல் நின்றாள். கடைசியில் எழுதினார். நீளமான கையெழுத்து இந்தமுறை குட்டையாக விழுந்தது. சுகிர்தாவின் போனில் ஆல்பர்ட் அதைப் போட்டோ எடுத்தான். சுகிர்தா அங்கேயே நின்று பெங்களூருக்கு அனுப்பினாள். போன் அனுப்பிவிட்டதாகக் காட்டியதும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதானே, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார் வேதகிரி.

"இல்ல" என்றாள் சுகிர்தா. "இப்ப ஸ்டேஷனுக்குப் போறோம். நீங்க என்ன திருடின்னு ஊரு பூரா சொன்னீங்க. நான் ஒரே ஒரு எடத்துல சொல்லப் போறேன்."

வேதகிரி போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வராந்தாவில் அவர் வக்கீலிடம் கத்துவது கேட்டது. ஐசக் தன் இடுப்பிலிருந்த மில் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். அதைச் சத்தம் வராமல் வைத்தார். மகளின் பக்கம் ஒரு எட்டு வைத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பாட்டில குட்த்தது தப்பில்ல நைனா" என்றாள் அவள். "பத்து நாளா என்ன திருடின்னாங்க. பக்கத்துல நின்னுகினு நீயும் கேட்டுகினு இருந்தியே. இன்னிக்கி கையெழுத்து வேற போடச் சொன்ன."

தேவகி நடுவில் பேச வாயெடுத்து, அது தன் வேலை இல்லை என்று நிறுத்திக்கொண்டாள். ஆல்பர்ட் ஐஸ் பெட்டியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

நைனாவுக்கு என்று எழுதிய பாட்டிலின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சுகிர்தா அதை ஒரு கிளாஸில் சரித்தாள். நுரை அரை விரல் எழும்பியது. கிளாஸை அப்பாவிடம் தள்ளிய விதத்தில் அன்பு எதுவும் இல்லை, பாதி நுரை மேஜையில் சிந்தியது.

"நான் குடிக்க மாட்டேம்மா" என்றார் ஐசக்.

"குடிக்க வேணாம். ஒனக்குன்னு செஞ்சது. மோந்தாவது பாரு."

அவர் கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தார். முப்பத்திரண்டு வருடம் ஒரு பிடி நெல்லை அள்ளி மூக்கருகில் பிடித்து, இது இன்னும் ஒருநாள் காயணும், இது போதும் என்று பிரித்துச் சொன்னவர் அவர். மெஷின் வாங்கிய பிறகும் மில்லில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தார்.

"பம்ப்ளிமாஸ் தோலு" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "அப்பால மாமரத்துல பூ வுட்டா வருமே, அது. அடியில இன்னாமோ கீது. ராத்திரி மழ பேஞ்சி, காலையில களத்துல வைக்கோலப் பெரட்டினா வரும்."

சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. வராந்தாவில் வேதகிரியின் சத்தம் ஓய்ந்திருந்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும்?"

ஐசக் மறுபடியும் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனார்.